ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம்

என் தங்கையின் மகன் பிறந்தது ஐப்பசி மாதத்தில். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஐப்பசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஒரு மழை அடித்து ஓய்ந்து, துணியெல்லாம் ஒருவழியாகக் காய்ந்தது என்று நினைக்கும்போது வடகிழக்கு மழை வந்துவிடும். அலமாரிக்குள் ஈரவாடை போகவே போகாது. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் துணிப்பெட்டியைத் திறந்தால் மூலைக்கு ஒன்றாகப் பாச்சை உருண்டை கிடக்கும்.

மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தார். ஆச்சியின் பழைய நேரியல், பாட்டாவின் வேட்டிகள், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன புடவைகள் எல்லாம் அதில் இருந்தன. புதுத்துணி பிள்ளையின் உடம்பை உரசும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அதிலேயே பிள்ளையைப் பொதிந்து, அதிலேயே தொட்டிலும் கட்டினார். அந்த உருண்டையின் வாசம் அறை முழுக்க அடித்தது. நானும் அந்தத் தொட்டிலை ஆட்டினேன். இத்தனைக்கும் நான் தக்கலையில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன்.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையின் முகம் மஞ்சளாக இருந்தது. "ஒண்ணும் இல்ல மக்களே, காலம்பற வெயில் காட்டுனா மாறிடும்" என்றார் அம்மா. அன்று வெயிலே இல்லை. மதியத்துக்குள் மஞ்சள் வயிறு தாண்டிக் காலுக்கு இறங்கியது. இரவில் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். வீச்சென்று ஒரு அழுகை அழுதான், பிறகு அதுவும் இல்லை. கொட்டும் மழையில் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் என்ற கழிவு ரத்தத்தில் 27 மில்லிகிராம். நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள், அது போதாமல் இரவோடு இரவாக ரத்தம் மாற்றினார்கள். அதாவது பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, வேறொருவர் தானம் செய்த ரத்தத்தை ஏற்றினார்கள்.

பிள்ளை பிழைத்தான். பிலிருபின் மூளையில் படிந்தால் முதலில் போவது பெரும்பாலும் காதுதான். அதனால் காது கேட்கிறதா என்று மூன்று தடவை பரிசோதித்தோம், நன்றாகக் கேட்கிறது. இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

ரத்தம் மாற்றிய மறுநாள் டாக்டர் ஜி6பிடி பார்க்கச் சொன்னார். அது ஒரு நொதி. முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். அந்த டெஸ்ட் எங்கள் லேபில் அப்போது கிடையாது. நானே குழாயை வாங்கி, ஐஸ் பேக் வைத்துக் கட்டி, வெளியூரில் இருக்கும் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினேன். அன்று சனிக்கிழமை. ரிசல்ட் செவ்வாய்க்கிழமை வந்தது: இயல்பு.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. அந்தக் குழாயில் இருந்தது பெரும்பாலும் என் மருமகனின் ரத்தமே இல்லை. முகம் தெரியாத ஒரு நல்ல மனிதர் கொடுத்த ரத்தத்தில் நொதி இயல்பாக இருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லியிருக்கிறது. தானமாக வந்த சிவப்பணுக்கள் எல்லாம் வாழ்ந்து தீரும் வரை, ஐந்து மாதம், காத்திருந்து மறுபடி எடுத்தோம். கடும் குறைபாடு.

ரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. 120 நாள் ஆயுள் முழுக்க ஆக்சிஜனைச் சுமக்கிற அந்த அணுவை, அந்த ஆக்சிஜனே அரிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க அணுவுக்குள் குளுட்டாதயோன் என்ற ஒரு காவல் உண்டு. அந்தக் காவல் தேய்ந்துபோகாமல் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு வேண்டும். மற்ற அணுக்களுக்கு அதைத் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு ஜி6பிடி தொடங்கி வைக்கும் அந்த ஒரே பாதைதான். நொதி குறைவாக இருந்தாலும் சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலீன் போன்ற ஒன்று உடம்புக்குள் போனால்தான் காவல் உடைந்து, அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சிதையும். சிதைந்த அணுக்களிலிருந்து வருகிற கழிவுதான் பிலிருபின். பிறந்த குழந்தையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது.

சொந்தத்தில் சிலர் மணவாளக்குறிச்சி மணலைக் குறை சொன்னார்கள். தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம்தான். கடற்கரை மணலில் கதிர்வீச்சு உள்ள மோனசைட்டும் தோரியமும் இருப்பது உண்மை. ஆனால் இது மணலிலிருந்து வந்தது இல்லை. எங்கள் அம்மா வழியாக வந்தது.

அதைக் கண்டுபிடித்ததும் ஒரு கதை. டாக்டர் கேட்ட ஒரு கேள்வி: "குழந்தையோட அம்மாவுக்கு மாமன் யாராவது, மாத்திரை சாப்பிட்டு ஒண்ணுக்கு கறுப்பாப் போனவங்க உண்டா?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அழுதேவிட்டார்.

என் தாய்மாமா கொத்தனார். 1990களில் மங்களூரில் கட்டட வேலைக்குப் போனார். அங்கே மலேரியாக் காய்ச்சல் வந்து, குளோரோகுயினோடு பதினான்கு நாள் சாப்பிட வேண்டிய பிரைமாகுயினும் கொடுத்தார்கள். நான்காம் நாள் அவருக்கு மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளானது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. பயந்துபோய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டார். மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் தேறிவிட்டார். கீழாநெல்லியால் தேறினார் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். மாத்திரையை நிறுத்தியதுதான் அவரைக் காப்பாற்றியது.

இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்துதான் வரும். அதனால் இந்தக் குறைபாட்டைத் தேட வேண்டிய இடம் தாய்மாமன். எங்கள் ஆச்சியிடமிருந்து மாமாவுக்கு, ஆச்சியிடமிருந்தே அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து தங்கைக்கு, அவளிடமிருந்து பிள்ளைக்கு. அப்புறம் எனக்கு என்ன நிலைமை என்று கேள்வி வந்ததல்லவா? பாதிக்குப் பாதி வாய்ப்பு. எடுத்துப் பார்த்தேன், எனக்கும் உண்டு. காது குத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்ட தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே குறைபாடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாமா மகளை எனக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வீட்டில் பேச்சு இருந்தது. முறைப்பெண் அல்லவா? பிறகு அவள் படிக்கப் போனாள், பேச்சு அப்படியே நின்றுவிட்டது. மாமாவுக்குக் குறைபாடு இருப்பதால், அவருடைய ஒரே எக்ஸை வாங்கிய மகள் கட்டாயம் அதைச் சுமப்பவள். எனக்கும் இருப்பதால், நாங்கள் கல்யாணம் செய்திருந்தால் பிறக்கும் பெண் குழந்தைகளிலும் பாதிப் பேருக்கு இரண்டு எக்ஸிலும் குறைபாடு இருந்திருக்கலாம். "இது ஆம்பளைப் பிள்ளைக்குத்தானே வரும்" என்று லேபில் கேட்கிறவர்களிடம் முறைக் கல்யாணம் செய்த குடும்பமா என்று நான் திருப்பிக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

1956-ல், மலேரியா மருந்துகளைச் சிறைக்கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிகாகோ ஆய்வாளர்கள், பிரைமாகுயினால் சிலருக்கு மட்டும் ரத்தம் சிதைவது ஏன் என்று தேடி இந்த நொதிக் குறைவைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே 1956, நவம்பர் 1. அதனால் இந்த வருஷம் எனக்கு மறப்பதில்லை. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கு. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒன்று, காரணம் தெரிந்து இத்தனை வருஷம் ஆகியும், என் தங்கை பிரசவித்த கட்டிலை வந்து எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்கு லேப்காரனாக எனக்குத் தெரிந்த பதில்: நொதி பயணம் செய்யாது. சர்க்கரை, யூரியா மாதிரி இருக்கிற அளவை எடுத்துச் சொல்லும் டெஸ்ட் இல்லை இது. நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அது உயிர்ப்போடு இருக்க வேண்டும். குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். வடிதாளில் சொட்டாக விட்டுக் காயவைத்து அனுப்பும் முறையும் உண்டு, ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் காய்ந்த சொட்டில் நொதியின் வேகம் குறைந்துகொண்டே போகும். எங்கள் ஊர் காற்றைக் கையால் பிழியலாம் போலிருக்கும். இங்கே காயவைத்த சொட்டு தபாலில் கிடந்து போய்ச் சேரும்போது, நல்ல நொதிகூடக் கெட்ட நொதியாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பார்க்கும் பிறவி நோய்களில் ஜி6பிடியும் ஒன்று. நல்ல காரியம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் சொட்டு ஒரு இடத்தில், இயந்திரம் வேறு இடத்தில் என்றால் நாட்கள் ஆகத்தான் செய்யும். மஞ்சள் ஏறுவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்தக் கணக்கில் பதில் வீட்டுக்குப் புறப்படும் முன்பே கையில் இருந்தாக வேண்டும்.

இந்த ஆதங்கத்தில் இருந்தபோதுதான் என்னோடு டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்த தோழி மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேபில் இருக்கிறாள். அந்தப் பக்கம் இந்தக் குறைபாடு ரொம்ப அதிகம். இந்த நொதியை அங்கேயே அளந்து சொல்லும் ஒரு கருவியின் காலாவதியான, பயன்படுத்தாத கார்ட்ரிட்ஜை எனக்குக் காட்டவே கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான பிளாஸ்டிக். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள், பல்லாங்குழியை நறுக்கிப் பொடியாக்கியதுபோல. இந்த முறைக்கு டிஜிட்டல் மைக்ரோஃபுளூயிடிக்ஸ் என்று பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல எனக்குத் தாமரைக் குளம்தான் கைகொடுக்கிறது. தோவாளைச் சந்தைக்குப் பூப்பறிக்கிறவர்கள் குளத்தில் இறங்கும்போது இலைமேல் தெறிக்கும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டாமல், உருண்டு திரண்டு நிற்கும். அந்த கார்ட்ரிட்ஜின் உள்பக்கமும் தாமரை இலை மாதிரி தண்ணீர் ஒட்டாத பூச்சு. அதற்கு அடியில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மின்முனை. ஒரு கட்டத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற சொட்டு அங்கே இழுபட்டு வரும். அதை அணைத்து அடுத்த கட்டத்துக்குக் கொடுத்தால் சொட்டு அடுத்த கட்டத்துக்கு நகரும். பம்பும் இல்லை, வால்வும் இல்லை. சொட்டை இரண்டாகப் பிரிக்கலாம், இரண்டை ஒன்றாகச் சேர்க்கலாம், முன்னும் பின்னும் ஆட்டிக் கலக்கலாம். சுற்றிலும் எண்ணெய் நிரம்பியிருப்பதால் சொட்டு ஆவியாகிப் போகாது. மின்சாரம் திரவத்தின் மேற்பரப்பை இப்படி மாற்றும் என்பதைப் பாதரசத்தை வைத்து காப்ரியேல் லிப்மன் 1875-லேயே காட்டிவிட்டார். அதைக் கட்டம் கட்டமாகச் சொட்டுகளை நடத்தும் கருவியாக வளர்த்ததில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போம்பே, ஃபேப்ரி, கோஷே போன்ற பிறவி நொதிக் குறைபாடுகளைப் பிறந்த குழந்தைகளிடம் தேட மிசூரி மாநிலம் 2013-ல் இந்த முறையைத்தான் கையில் எடுத்தது.

ஜி6பிடிக்கு வேலை எளிது. ரத்தம் சுமார் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு நல்ல சொட்டு. உள்ளே அது மிகச் சின்னத் துளிகளாகப் பிரிந்து, அணுக்கள் உடைந்து, நொதிக்குத் தேவையான சர்க்கரைப் பாஸ்பேட்டோடும் என்ஏடிபியோடும் சேரும். நொதி வேலை செய்தால் என்ஏடிபி என்ஏடிபிஹெச்சாக மாறும். புற ஊதா ஒளியில் அது நீலமாக ஒளிரும், என்ஏடிபி ஒளிராது. ஒளி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கருவி அளக்கும். பக்கத்திலேயே இன்னொரு துளியில் ஹீமோகுளோபினை அளந்து, ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் நொதி என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். எல்லாம் கால் மணி நேரத்துக்குள்.

மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அதிலிருந்து இரண்டு மில்லி இந்த டெஸ்டுக்கு, ஒரு மில்லி அந்த டெஸ்டுக்கு என்று இழுக்கும்போது என் கை ஒவ்வொரு தடவையும் தயங்கும். பொடிக் கையில் நரம்பு தேடிக் குத்தும்போது பக்கத்தில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. குதிகாலில் குத்திய ஒரு சொட்டு போதும் என்பது என் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

எண் கிடைப்பதும் அப்படித்தான். பல காலமாக நாங்கள் நம்பியிருந்தது புள்ளிச் சோதனை. தாளில் சொட்டு விட்டுப் புற ஊதா விளக்கில் காட்டி, ஒளிர்ந்தால் நல்லது, ஒளிராவிட்டால் குறைபாடு. ஆண்களுக்கு இது ஓரளவு போதும். என் தங்கை போன்ற பெண்களுக்குப் போதாது. பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடும் என்று மேரி லயன் 1961-ல் சொன்னார். எது உறங்கும் என்பது அணுவுக்கு அணு வேறு. அதனால் அவள் ரத்தத்தில் நல்ல அணுவும் பலவீனமான அணுவும் கலந்து ஓடும். கலவையில் பாதி நல்லதாக இருந்தாலே தாள் ஒளிர்ந்துவிடும். தங்கைக்குப் புள்ளிச் சோதனை இயல்பு என்றுதான் வந்தது.

எங்கள் லேபில் இப்போது இருப்பது மைக்ரோஃபுளூயிடிக்ஸ் இல்லை, பட்டையில் ரத்தம் விட்டுப் பார்க்கும் கைக்கருவி. 10 மைக்ரோலிட்டர், இரண்டு நிமிடம். அதில் 4.0 வரை குறைபாடு, 6.0-க்கு மேல் இயல்பு, நடுவில் இருப்பது இடைநிலை. தங்கைக்கு 4.8. எனக்கு 1.1. இரண்டும் ஒரே மாலையில் பார்த்தது. "அப்போ நான் பாதி நோயாளியா அண்ணா?" என்று கேட்டாள். நீ நோயாளி இல்லை, ஆனால் மலேரியா வந்தால் இந்த எண்ணை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றேன்.

இந்த எண்ணின் அவசியம் இனி கூடும். பிரைமாகுயின் பதினான்கு நாள் மருந்து. மாமாவைப் போல நான்காம் நாளில் நிறுத்திவிடலாம். 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயின் ஒரே வேளை மருந்து, விழுங்கிவிட்டால் வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும். திரும்ப எடுக்க முடியாது. அதனால் நொதி இயல்பான அளவில் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மேற்குக் கரை முழுக்க மீன் பிடிக்கப் போகிறார்கள். கொத்தனார்கள் எந்த ஊருக்கும் போவார்கள். காய்ச்சலோடு திரும்பி வருகிறவருக்கு மாத்திரை கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டு பார்த்துவிட்டால் கருப்பட்டிக் காப்பி நிறம் யாருக்கும் வர வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து போகிற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு ரத்தக் குழாயை ஐஸில் கொண்டுவருவதைவிடக் கருவியைக் கொண்டுபோவது எளிது.

சரி, கருவி வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. நான் செய்த தவறை எந்தக் கருவியும் தடுத்திருக்காது. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் கால் மணி நேரத்தில் தப்பான பதில் வரும், அவ்வளவுதான். ரத்தச் சிதைவு நடந்து முடிந்த உடனே எடுத்தாலும் இதே சிக்கல். பழைய பலவீன அணுக்கள் அழிந்து, நொதி அதிகம் உள்ள இளம் அணுக்கள் நிறைந்திருக்கும், எண் ஏறித் தெரியும். பிறந்த குழந்தைக்கு நொதி பெரியவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும், அதற்குத் தனி அளவுகோல் வேண்டும். கார்ட்ரிட்ஜ் விலை, அதை வைக்கும் குளிர், தினமும் தரம் சரிபார்க்கும் பொறுமை, எல்லாம் உண்டு. என் ஆசை, பிரசவ அறையில் தொப்புள்கொடியை வெட்டும்போது வீணாகப் போகிற ரத்தத்தில் ஒரு சொட்டைப் பார்த்துவிடுவது. குழந்தையைக் குத்தவே வேண்டாம்.

பிள்ளைக்குக் குறைபாடு என்று தெரிந்தபின் தங்கை அவரை, பயறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். எங்கோ "பீன்ஸ் ஆகாது" என்று படித்திருக்கிறாள். கஞ்சியும் பயறும் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எப்படி வளரும்? ஆகாதது ஃபாவா பீன்ஸ் என்ற வேறு பயிர். இந்தக் குறைபாட்டுக்கு ஆகாத, அதில் இருக்கிற வைசின் என்ற பொருள் நம் அவரையிலோ சிறுபயறிலோ இல்லை. கைக்குழந்தைக்கு மருதாணி வைக்கக் கூடாது, பாச்சை உருண்டை வீட்டிலேயே கூடாது, எந்த மருந்துக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையில் வைத்திருக்கிறோம்.

மாமா மகள் இப்போது ஆறு மாதம். வருகிற ஐப்பசிக்குத்தான் தேதி. அம்மா போன வாரமே அந்த இரும்புப் பெட்டியைக் காலி செய்துவிட்டார். ஆச்சியின் நேரியலைத் தூக்கிப்போட மனசு வராமல் தனியாக ஒரு கவரில் கட்டி, மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறார். பிள்ளைக்குப் புதுப் பருத்தித் துணி வாங்கி நாலு தடவை அலசிக் காயப்போட்டாயிற்று.

நேற்று இரவு மாமா போன் செய்தார். பேத்தியோ பேரனோ என்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"மக்களே, அந்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்னு ஒருக்காக்கூடச் சொல்லு. எழுதி வச்சுக்கிறேன்."

பிறந்த உடனே, தொப்புள்கொடியிலிருந்து, ரத்தம் ஏதும் ஏற்றுவதற்கு முன்னால் என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதினார். குழாயோடு நானே பிரசவ அறை வாசலில் நிற்பேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.